பரமட்டா பதிவேட்டில் ஒரு கைநாட்டு

மாமனாருக்கு 84 வயது. போன ஆண்டு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய வாரத்தில், தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் ஒன்று கேட்டார். "என் தாத்தாவின் அப்பா 1836இல் இங்கே சிட்னிக்குப் பக்கத்து வின்ட்சரில் பிறந்தவர். அவரைப் பெற்றவர்கள் யார் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. நீ கண்டுபிடித்துக் கொடுப்பாயா அம்மா?"

மகனை விட்டுவிட்டு மருமகளிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் பாளையங்கோட்டைக்காரி. என் தாத்தா திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்னச் சபையில் உபதேசியாராக இருந்தவர். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று தடித்த புத்தகங்கள் அவர் பொறுப்பில் ஒரு மர அலமாரியில் இருக்கும். வயதுச் சான்று கேட்டு யாராவது வந்தால், விரலை எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவள் நான். இந்தக் கதையை மாமனாரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவர் மறக்கவில்லை.

ஏழு மாதம் ஆயிற்று. என்ன செய்தேன், எங்கே தவறிப் போனேன், எது கை கொடுத்தது என்று இங்கே எழுதி வைக்கிறேன். ஆஸ்திரேலியக் குடும்பங்களோடு சம்பந்தம் செய்த நம்மவர்கள் இப்போது நிறைய இருக்கிறோம். பிள்ளைகள் ஒரு நாள் கேட்பார்கள். உறவினர்கள் பலர் இங்கேயே இருப்பதால் குடும்பப் பெயரை மட்டும் மாற்றி 'கேவனா' என்று எழுதுகிறேன்.

மாமனாரின் அத்தை ஒருத்தி, முதல் கேவனா ராணுவத்தோடு வந்த அதிகாரி என்று சொல்லி வந்தாராம். அந்தத் தலைமுறையில் பல வீடுகளில் இப்படி ஒரு அதிகாரி இருந்திருக்கிறார். பிரிட்டிஷ் அரசு தண்டனையாக இங்கே கப்பலேற்றி அனுப்பிய கைதிகளில் ஒருவர் என்று சொல்வது அன்றைக்குக் குடும்ப மானப் பிரச்சினை. ஆகவே வாய்மொழிக் கதையை ஒரு தாளில் எழுதி ஓரமாக வைத்துவிட்டு, காகிதத்திலிருந்து தொடங்கினேன்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் தேடுபவர்களுக்கு ஒரு தேதி மனப்பாடமாக வேண்டும்: 1856 மார்ச் 1. அன்றைக்குத்தான் பிறப்பையும் இறப்பையும் திருமணத்தையும் அரசாங்கமே பதியத் தொடங்கியது. அதற்கு முன்னால், 1788இல் காலனி தொடங்கிய நாளிலிருந்து 68 ஆண்டுகளுக்கு, சபைப் புத்தகங்கள்தான் கதி. மற்ற காலனிகளில் தேதி வேறு. டாஸ்மேனியா, அன்றைய பெயரில் வான் டீமன்ஸ் லேண்ட், 1838 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியா 1841, தெற்கு ஆஸ்திரேலியா 1842, விக்டோரியா 1853 ஜூலை. மெல்போர்ன் பகுதி 1851 வரை நியூ சவுத் வேல்ஸோடு சேர்ந்திருந்ததால், அந்தப் பக்கத்துப் பழைய திருமணங்கள் சிட்னி அட்டவணையிலும் அகப்படும்.

இந்தத் தேதிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், 1856க்குப் பிந்தைய இறப்புச் சான்றிதழ் ஒரு சின்ன வாழ்க்கை வரலாறு மாதிரி. இறந்தவரின் பெற்றோர், பிறந்த இடம், காலனியில் எத்தனை ஆண்டு இருந்தார், எங்கே யாரைக் கல்யாணம் செய்தார், பிள்ளைகள் யார் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. சபைக் காலத்து அடக்கப் பதிவில் அதெல்லாம் கிடையாது. பெயர், ஊர், வயது, தேதி, தொழில் இருந்தால் நல்ல பதிவு. ஆகவே 1856க்கு இந்தப் பக்கம் இறந்த பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் வாழ்ந்த பெற்றோரிடம் போக வேண்டும். இந்த வேலையில் எப்போதும் பின்னோக்கித்தான் நடக்க வேண்டும், ஒரு படியும் தாண்டக் கூடாது.

வின்ட்சரில் பிறந்த மகன் 1891இல் இறந்திருக்கிறார். சான்றிதழை வரவழைத்தேன். தகப்பன் கேவனா, கொல்லர். தாய் மேரி. தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தெரியாது'. தகவல் கொடுத்தவர் அவருடைய மருமகன். மாமனாரைப் பெற்றவளின் பெயர் அவருக்கு எங்கே தெரிந்திருக்கும்? இறப்புச் சான்றிதழில் முதலில் பார்க்க வேண்டியது தகவல் கொடுத்தவர் யார் என்பதைத்தான். அப்புறம் அதே மகனின் 1859 திருமணச் சான்றிதழ். அதிலும் பெற்றோருக்குக் கட்டம் இருந்தது, ஆனால் மணம் முடித்து வைத்த பாதிரியார் அதை நிரப்பவே இல்லை. அந்த ஆண்டுகளில் இப்படி வெறுமையாக விட்டுப்போன சான்றிதழ்கள் நிறைய உண்டு.

சரி, சபைப் புத்தகங்களுக்குப் போனேன். மாநிலப் பதிவகம் 1788 முதல் 1856 வரையான பழைய சபைப் பதிவுகளையும் சேர்த்து அட்டவணை போட்டு வைத்திருக்கிறது. இணையத்தில் யாரும் தேடலாம். பிந்தைய காலத்துக்குப் பிறப்பு 100 ஆண்டு, திருமணம் 50, இறப்பு 30 கழிந்திருந்தால்தான் பொது அட்டவணையில் வரும். 1836 ஞானஸ்நானம் உடனே கிடைத்தது: வின்ட்சர் புனித மத்தேயு ஆலயம், தகப்பன் கொல்லர், தாய் மேரி. இங்கேயும் தாயின் குடும்பப் பெயர் இல்லை. அதே வின்ட்சரில் 1828இல் ஒரு கேவனா ஒரு மேரியை மணந்திருந்தார். ஊர் சரி, பெயர் சரி, காலம் சரி. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று மாதம் அந்த மேரியின் பின்னால் போனேன். அவள் வந்த கப்பல், அவள் வேலை செய்த பண்ணை, அவள் ஊர். மாமனாரிடம் பாதிக் கதையைச் சொல்லியும் விட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முறைக்கு இருக்கட்டுமே என்று, வின்ட்சர் அடக்கப் பதிவுகளை 1828லிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். 1833இல் அவள் இருந்தாள். கேவனாவின் மனைவி மேரி, அடக்கம் வின்ட்சர். மாமனாரின் கொள்ளுத்தாத்தா பிறப்பதற்கு மூன்று ஆண்டு முன்பே அவள் மண்ணுக்குள் போய்விட்டாள்.

திரையைப் பார்த்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவளுக்காகவும் வருத்தம்தான். மூன்று மாதம் கூடவே இருந்தவள், எங்களுக்கு ஒன்றும் ஆகாதவள் என்று ஆகிவிட்டது. ஆனால் தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இதுதான்: ஒரு திருமணம் கிடைத்ததும் சந்தோஷப்படாதீர்கள். மாப்பிள்ளை, பெண் இருவருடைய அடக்கத்தையும் தேடிப் பாருங்கள். உங்கள் பிள்ளை பிறந்த நாளில் இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்களா என்று அடக்கப் புத்தகம் சொல்லிவிடும். ஒரே பெயரில் இரண்டு குடும்பம் இருந்தால் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அதுதான்.

மனைவி போன பிறகு அந்தக் கேவனா இன்னொரு மேரியைக் கட்டியிருக்கலாமே என்ற சந்தேகமும் இருந்தது. அதைத் தீர்த்தது 1828 நவம்பரில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு. அதில் ஒவ்வொருவருக்கும் வயது, வந்த கப்பல், வந்த ஆண்டு, தண்டனை, மதம், தொழில், இருப்பிடம் எல்லாம் உண்டு. வின்ட்சர் கேவனா விவசாயக் கூலி. கொல்லுவேலை செய்யும் கேவனா ஒருவர் வேறு கப்பலில், 1822இல், 'மேங்கிள்ஸ்' என்ற கைதிக் கப்பலில் வந்து பரமட்டாவில் இருந்தார். இரண்டு பேர். பரமட்டாவுக்கும் வின்ட்சருக்கும் ஏறக்குறைய 35 கிலோமீட்டர்தான்; வேலை தேடிப் போய்க் குடியேற முடியாத தூரம் இல்லை.

ஆனால் கொல்லருக்குத் திருமணம் அட்டவணையில் இல்லை. இங்கே எனக்குக் கை கொடுத்தது தமிழ்.

குறிப்பேட்டில் எல்லாப் பெயரையும் நான் தமிழில்தான் எழுதுவேன். ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கு 'சி'யில் தொடங்கும் வடிவம் உண்டு, 'கே'யில் தொடங்குவதும் உண்டு. கடைசியில் 'ஜிஹெச்' வரும், வராமலும் போகும். நடுவில் உயிரெழுத்து எழுதுகிறவர் இஷ்டம். தமிழில் எழுதினால் எல்லாமே கேவனாதான்! அன்றைக்கு அந்த மாப்பிள்ளைக்கோ பெண்ணுக்கோ எழுதத் தெரியாது. ஆலய எழுத்தர் காதில் விழுந்ததை அவர் பழக்கப்படி எழுதியிருப்பார். அயர்லாந்து உச்சரிப்பு, இங்கிலாந்துக் காது. ஆகவே 'கேவனா' என்ற ஒலியை வைத்துக்கொண்டு அது ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் விழும் என்று பதினான்கு வடிவம் எழுதி ஒவ்வொன்றாகத் தேடினேன். 'சி'யில் தொடங்கிய ஒன்பதாவது வடிவத்தில் அகப்பட்டது: 1831, பரமட்டா புனித யோவான் ஆலயம், மேரி. பெண்ணின் குடும்பப் பெயரும் இருந்தது.

அதே திருமணம் அட்டவணையில் இரண்டு தடவை, இரண்டு தொகுதி எண்ணோடு வந்தது. முதலில் குழம்பினேன். அடிக்கடி நடப்பதுதான்: சபை வைத்துக்கொண்ட புத்தகமும் அதிலிருந்து அனுப்பிய படியும் தனித்தனியாக அட்டவணையில் ஏறியிருக்கும். அப்படி வந்தால் இரண்டையும் பாருங்கள். ஒன்றில் விட்டுப்போனது மற்றதில் இருக்கலாம். முழுச் சான்றிதழ் வாங்கப் பணம் கூட ஆகும்; அங்கீகாரம் பெற்ற படியெடுப்பாளர்கள் பதிவில் உள்ளதை அப்படியே எழுதிக் குறைந்த செலவில் அனுப்புகிறார்கள். ஆராய்ச்சிக்கு அது போதும்.

இனி இந்தப் பெண் யார் என்று பார்க்க வேண்டும். கைதிகள் கல்யாணம் செய்ய ஆளுநரின் அனுமதி வேண்டும். 1826 முதல் 1851 வரையான அந்த விண்ணப்பப் பதிவேடுகள் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வாசிப்பு அறை கிங்ஸ்வுட்டில். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் வளமான புத்தகம். பெயர், வயது, கப்பல், தண்டனை, இன்னும் கைதியா விடுதலையானவரா, எந்தப் பாதிரியார் ஓலை வாசிப்பார் (ஆலயத்தில் திருமண அறிவிப்பைச் சொல்வார்) என்று எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: அனுமதி கிடைத்ததாலேயே கல்யாணம் நடந்ததாக அர்த்தம் இல்லை. அனுமதி வாங்கியும் ஆலயத்துக்கு வராத ஜோடிகள் உண்டு.

எங்கள் ஆட்கள் இரண்டு தடவை விண்ணப்பித்திருக்கிறார்கள். 1830இல் மறுத்துவிட்டார்கள். காரணம்: கப்பல் பட்டியலில் அந்தப் பெண் திருமணமானவள் என்று எழுதியிருக்கிறது. எட்டு மாதம் கழித்து மறுபடி ஒரு விண்ணப்பம், இந்தத் தடவை 'விதவை' என்று. அனுமதி கிடைத்தது. அவருக்கு 32 வயது, 'மேங்கிள்ஸ்', ஏழாண்டு தண்டனை முடித்து விடுதலை. அவளுக்கு 25 வயது, 'எலிசபெத்', ஏழாண்டு, இன்னும் கைதி. பாதிரியார் சாமுவேல் மார்ஸ்டன். பரமட்டாவில் நெடுங்காலம் இருந்தவர், 1838இல் இறந்தவர். அந்த ஊர்த் திருமணங்களைத் தேடுகிறவர்கள் அவர் பெயரைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.

கைதிப் பெண் பரமட்டாவில் இருந்தாள் என்றால் பெரும்பாலும் ஃபீமேல் ஃபேக்டரி வழியாகத்தான். 1821இல் திறந்த பெரிய கல் கட்டடம் அது. கப்பலிலிருந்து இறங்கி வேலைக்கு அனுப்பப்படாத பெண்களும், தண்டனை பெற்ற பெண்களும், கர்ப்பிணிகளும் அங்கே இருந்தார்கள்; துணி நெய்வது வேலை. நாங்கள் இருப்பது வென்ட்வொர்த்வில். தமிழ்க் கடையில் மளிகை வாங்கிக்கொண்டு பரமட்டா பக்கம் போகும்போது அந்தக் கல் சுவர்களைப் பல தடவை தாண்டியிருக்கிறேன். இப்போது அந்த வழியில் போனால் வண்டியின் வேகம் தானாகக் குறைகிறது.

பதிவகத்தில் கிடைப்பது பெரும்பாலும் படி. படியெடுத்த எழுத்தர், கையெழுத்துப் போடத் தெரியாதவரின் குறியையும் தானே போட்டிருப்பார். உண்மையான குறி ஆலயத்து மூலப் புத்தகத்தில்தான். அதன் மைக்ரோஃபிலிமைப் பார்க்கச் சிட்னியிலுள்ள வம்சாவளியாளர் சங்கத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுப் போனேன். 1932இல் தொடங்கிய சங்கம். பழைய சபைப் புத்தகங்களின் சுருள்கள் நிறைய வைத்திருக்கிறார்கள்.

சுருளைச் சுற்றிச் சுற்றி 1831க்கு வந்தேன். ஒரு பக்கத்துக்கு மூன்று திருமணம், எங்களுடையது நடுவில். அச்சடித்த வரிகளுக்கு இடையே மையில் எழுத்து. 'ஓலை வாசித்து மணம் முடிக்கப்பட்டது' என்ற பொருளில் வழக்கமான வாசகம். நம் ஊரில் இன்றைக்கும் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறார்களே, அதேதான். கீழே அவருடைய குறி, இரண்டு கோடும் அழுத்தமாக, ஆணி அடித்தது மாதிரி. அவளுடைய குறியில் முதல் கோடு மேலிருந்து நேராக வந்திருக்கிறது. இரண்டாவது கோடு பாதியில் நின்று, பேனாவை எடுத்து மறுபடி வைத்த இடத்தில் ஒரு சின்ன மைத்துளி, அதற்கப்புறம் மீதிக் கோடு. குறிக்கு மேலே 'அவளுடைய' என்றும் கீழே 'குறி' என்றும் எழுத்தர் எழுதியிருந்தார். அவள் பேனா பிடித்தது அன்றைக்குத்தான் முதல் தடவையோ என்னவோ. எங்கள் ஊரில் கைநாட்டு என்போம். என் ஆச்சி ரேஷன் கடையில் பெருவிரலை உருட்டி வைப்பாள், அப்புறம் சேலைத் தலைப்பில் துடைப்பாள். அந்தத் துளியைப் பார்த்ததும் ஆச்சியின் விரல்தான் ஞாபகம் வந்தது.

பழைய கையெழுத்தைப் படிக்கப் பழக வேண்டும். 'ஜேம்ஸ்' முழுதாக இருக்காது. இரண்டு எழுத்து, அதற்குமேல் உயரத்தில் சின்ன 'எஸ்'. இரட்டை 'எஸ்' வந்தால் முதலாவது 'எஃப்' மாதிரி நீண்டு இறங்கும். மேல் வரியில் உள்ளதே என்பதற்கு 'டி', 'ஓ' என்று இரண்டு எழுத்து. நான் ஒவ்வொரு எழுத்தருக்கும் ஒரு தாள் போட்டு, அவர் எழுதும் எண்களை ஒன்றிலிருந்து ஒன்பது வரை பார்த்து வரைந்துகொண்டேன். அந்தப் பழக்கம் பிறகு என்னைக் காப்பாற்றியது.

இதுவரை கிடைத்தது பொருத்தமான ஜோடி. எங்கள் ஜோடிதான் என்று நிரூபணம் ஆகவில்லை. ஒரு தடவை சூடுபட்டதால் மாமனாரிடம் வாயைத் திறக்கவில்லை. மகனின் காகிதங்களில் தாயின் பெயர் இல்லையென்றால், கூடப் பிறந்தவர்களின் காகிதத்தில் இருக்கலாம். 1833இல் பரமட்டாவில் ஒரு பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம்: தகப்பன் கொல்லர் கேவனா, தாய் மேரி. வின்ட்சர் மகனின் 1859 திருமணத்தில் சாட்சியாக நின்றவள் அதே பெயருள்ள பெண். அவள் 1901 வரை வாழ்ந்திருக்கிறாள். அவளுடைய இறப்புச் சான்றிதழை வரவழைத்தேன். பிறந்த இடம் பரமட்டா. தகப்பன் கொல்லர். தாய் மேரி, குடும்பப் பெயரோடு. 1831 பரமட்டா பதிவில் உள்ள அதே பெயர். தகவல் கொடுத்தவர் மகள். தாய்வழிப் பாட்டியின் பெயரை ஒரு பெண் எழுபது ஆண்டுக்குப் பிறகும் சரியாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கு ராத்திரி என் கணவரை எழுப்பிச் சொன்னேன்.

அடுத்து அவர்களுடைய முடிவு. கொல்லரின் அடக்கம் சுலபமாகக் கிடைத்தது: 1838, வின்ட்சர், வயது 40, கொல்லர். அந்தக் காலத்துப் பல அடக்கப் பதிவேடுகளில் கப்பலுக்கென்று ஒரு கட்டம் உண்டு. 'மேங்கிள்ஸ்' என்று எழுதியிருந்தது. 1831இல் 32 என்றால் 1838இல் 39 ஆக வேண்டும். ஒன்றிரண்டு வயது வித்தியாசம் பெரிதில்லை. வயதைச் சொன்னவர் அடக்கத்துக்கு வந்த யாரோ ஒருவர். கப்பல் பெயர் அப்படி மாறாது. ஒருவரைக் கைதி என்று அடையாளம் காட்ட அரசாங்கம் போட்ட சொல், 180 ஆண்டு கழித்து அவருடைய குடும்பத்துக்கு அவரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

மேரியைக் காணவில்லை. பதினான்கு வடிவத்திலும் தேடினேன். வின்ட்சரில் இல்லை, பரமட்டாவில் இல்லை. பாதிரியார் வராத இடத்தில் இறந்திருந்தால் பதிவே இருக்காது. பண்ணையில் புதைத்துவிட்டு, ஊர் சுற்றும் பாதிரியார் மாதக்கணக்கில் கழித்து வந்தால் ஒரு ஜெபம் சொல்வார், அவ்வளவுதான். அப்படித்தான் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் புத்தகங்களைத் தொடவில்லை.

பிறகு 1831 பக்கத்தின் நகலை எடுத்து, இதுவரை கவனிக்காத ஒரு வரியைப் பார்த்தேன்: சாட்சிகள். இரண்டு பேர். ஒருவர் அதே பக்கத்து மற்ற இரண்டு திருமணங்களுக்கும் சாட்சி, அதாவது ஆலயத்து ஆள். மற்றவர் எங்கள் திருமணத்துக்கு மட்டும் வந்தவர், கையெழுத்துப் போடத் தெரிந்தவர். அவர் பெயரை அட்டவணையில் போட்டேன். 1839, வின்ட்சர்: அந்தச் சாட்சிக்கும் 'விதவை மேரி கேவனா'வுக்கும் திருமணம். நண்பர் இறந்து ஓராண்டில், ஐந்து வயதுப் பெண்ணும் மூன்று வயதுப் பையனும் இருக்கும் வீட்டில். அந்தக் காலத்தில் தனியாக இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்ய முடியும்? வின்ட்சரில் பையன் வளர்ந்தது அவர் நிழலில்தான். அவருக்குப் பின்னால் ரத்தவழி யாரும் இல்லை. எங்கள் குடும்ப மரத்தில் அவருக்கும் ஓர் இடம் போட்டிருக்கிறேன்.

புதுப் பெயரில் தேடியதும் மேரி வந்துவிட்டாள். 1844, பரமட்டா புனித யோவான் அடக்கப் பதிவேடு. படத்தில் முதலில் 56 வயது என்று படித்தேன். 56 என்றால் 1788இல் பிறந்திருக்க வேண்டும், எங்கள் மேரி இல்லை. மனம் தளர்ந்துவிட்டது. அப்போதுதான் அந்த எழுத்தரின் எண்களை வரைந்து வைக்கவில்லையே என்று உறைத்தது. அதே பக்கத்தில் இருந்த தேதிகளை வைத்து வரைந்தேன். அவருடைய ஐந்துக்கு மேலே தொப்பி மாதிரி தனிக் கோடு உண்டு, எப்போதும் பிரிந்தே நிற்கும். இந்த எண்ணில் தொப்பி இல்லை. தலை தட்டையாக வளைந்து இறங்குகிறது. அது மூன்று. 36. பதிவேட்டுக் கணக்குப்படி 38 வர வேண்டும், பரவாயில்லை.

கப்பல் 'எலிசபெத்'. இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரே பெயரில் பல கப்பல்கள் வந்திருக்கின்றன. ஒரே கப்பல் பல தடவையும் வந்திருக்கிறது. அயர்லாந்தின் கார்க் துறைமுகத்திலிருந்து பெண் கைதிகளோடு 'எலிசபெத்' என்ற பெயரில் 1818இல் ஒன்று, 1828இல் ஒன்று. 1818 என்றால் அவள் பன்னிரண்டு வயதுச் சிறுமி, திருமணமானவள் என்று பட்டியலில் எழுதியிருக்க முடியாது. 1828 ஜனவரியில் வந்ததுதான். கப்பல் பெயரை எழுதும்போது பக்கத்தில் ஆண்டையும் எழுதுங்கள், இல்லையென்றால் அது பாதித் தகவல்தான்.

எல்லாம் கூடி வந்த சனிக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போனேன். முதலில் சொன்ன பாதிக் கதை தவறு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் ஒவ்வொரு காகிதமாக மேசையில் வைத்தேன். அதிகாரி இல்லை, இரண்டு கைதிகள் என்றதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அத்தையின் புகைப்படம் இருக்கும் சுவரைப் பார்த்தார். "அவளுக்குத் தெரிந்திருக்கும்" என்றார். "தெரிந்துதான் மறைத்திருக்கிறாள், பாவம்." மைக்ரோஃபிலிம் நகலைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு படும் அளவுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். மைத்துளியின் மேல் விரலை வைத்து, "இங்கே நின்றிருக்கிறாள்" என்றார். நான் ஒன்றும் சொல்லாமலே அவர் அதைக் கண்டுபிடித்தார்.

மறுநாள் ஆராதனை முடிந்து எல்லோருமாகப் பரமட்டா போனோம். ஓ'கானல் தெருவில் செங்கல் சுவர் சூழ்ந்த புனித யோவான் கல்லறைத் தோட்டம். 1790லிருந்து அடக்கங்கள் நடந்த இடம். 1788இல் காலனியைத் தொடங்க வந்த முதல் கப்பல் கூட்டத்தில் வந்தவர்கள் சிலரும் அங்கே கிடக்கிறார்கள். அவர்களுக்கு மணம் முடித்து வைத்த மார்ஸ்டனுக்கு அங்கே கல்லறை இருக்கிறது. மேரிக்குக் கல் இல்லை. பதிவேட்டில் எந்த இடம் என்ற குறிப்பும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மகள் கொண்டுவந்த ரோஜாப் பூக்களை எங்கே வைப்பது என்று கேட்டாள். மாமனார் கொஞ்சம் யோசித்து, கல்லே இல்லாத புல்வெளி ஒன்றைக் காட்டினார். அவள் அவற்றை வரிசையாக வைக்காமல் தூவிவிட்டாள்.

வண்டியில் திரும்பும்போது அவர் கேட்டார்: "விதவை என்று சொல்லித்தானே கல்யாணம் செய்தாள். அப்படியானால் 1831 பதிவில் உள்ளது முதல் கணவனின் பெயரா, அவள் அப்பாவின் பெயரா?"

நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கைதிப் பெண்கள் இரண்டு பெயரிலும் கப்பலேறியிருக்கிறார்கள். கப்பல் பட்டியலில் பிறந்த ஊர் கில்கென்னி மாவட்டம் என்றிருக்கிறது. அயர்லாந்தின் பழைய ஆவணங்கள் 1922இல் டப்ளினில் உள்நாட்டுப் போரின்போது பற்றிய தீயில் ஏராளமாக அழிந்தன. ஆனால் கத்தோலிக்கப் பங்குப் புத்தகங்கள் (ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட பகுதியைப் பங்கு என்பார்கள்) அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் தப்பின. அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றின் மைக்ரோஃபிலிமை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பங்குகளின் பட்டியலைச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். 1828க்கு முந்தைய திருமணப் புத்தகம் உள்ள பங்குகளை முதலில் எடுத்து, இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் பார்க்கிறேன். இதுவரை நான்கு முடிந்தது.